பெற்றோர் சந்திப்பு மாலை: இராமநாதபுரம் கடலோரப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலந்தாய்வில் இடம் கிடைத்து, மதுரையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்து, தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ வாடகைக்கு வீடு பிடித்து, பிள்ளைகளின் பெயர்கள் வாயில் பழகத் தொடங்கும்போது காலாண்டுத் தேர்வு முடிந்துவிடும். தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். உங்கள் வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். அன்றிரவு தூக்கம் வராது. இந்தக் கட்டுரை அந்த இரவுக்காக எழுதப்பட்டது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோரைச் சந்திப்பது பள்ளி செய்யும் உபசாரம் இல்லை, உங்கள் கடமை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர் என்னென்ன செய்ய வேண்டும் என்று 24-ஆவது பிரிவில் சொல்கிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் ஏற்பட்டிருக்கும் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதும் அவற்றில் ஒன்று. மதிப்பெண்ணை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ரேங்க் கார்டைப் பிள்ளையிடமே கொடுத்தனுப்பிவிடலாம். ஒரு நாள் கூலியையோ, இரவு முழுவதும் கடலில் கிடந்து வந்த களைப்பையோ ஒதுக்கிவைத்துவிட்டு வருகிறவரிடம் அந்த அட்டையில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் மட்டுமே அறிந்த ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் வேண்டும். கீழே வரும் எல்லாமே அதற்கான ஏற்பாடு.

1. கடலைக் கேட்டு நாள் குறியுங்கள்

இராமேசுவரம், மண்டபம் வட்டாரத்தில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கிளம்பி மறுநாள் காலையில் கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை மாலை கூட்டம் வைத்தால் விசைப்படகில் போகும் தகப்பன்மார் நடுக்கடலில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் அவர்கள் கரையில் இருப்பார்கள், நாட்டுப்படகுக்காரர்கள் வர முடியாது. எல்லோருக்கும் பொருந்தும் நாள் என்று ஒன்று கிடையாது. எனவே உங்கள் வகுப்பில் எந்தப் படகுக் குடும்பங்கள் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். அதிகமானவர்களுக்கு ஒரு நாள், மீதிப் பேருக்கு இன்னொரு நாள் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். புதியவர் கேட்பதா என்று தயங்க வேண்டாம். காரணத்தோடு கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் கணக்கு வேறு. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை. எந்த நாளாக இருந்தாலும் நான்கு மணிக்குத் தொடங்கி சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் பாங்குக்கு முன் முடித்துவிடுங்கள். ரமலான் மாதத்தில் மாலைக் கூட்டமே வேண்டாம், முற்பகலில் வையுங்கள். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே அதிகம். வாட்ஸ்அப் காணொளியில் பேச விரும்பினால் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: நமக்கு மாலை ஐந்து மணி என்றால் துபாயில் மூன்றரை, சவூதியில் இரண்டரை, சிங்கப்பூரில் இரவு ஏழரை. துபாய்க்காரருக்கு அது வேலை நேரம். அவரை இரவு ஒன்பது மணிக்கு அழைக்க ஏற்பாடு செய்வது மரியாதை. அந்த அழைப்பின்போது உம்மாவும் உடன் இருக்கட்டும்.

தாய்மாரின் நாளும் கடலோடு கட்டுண்டதுதான். கூடை சுமந்து பஸ்ஸில் போய் மீன் விற்றுவிட்டு வருபவர்கள் பிற்பகலில்தான் வீடு திரும்புவார்கள். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விடியும் முன்பே வள்ளம் ஏறித் தீவுப் பக்கம் போய்விடுவார்கள். நீர் வற்றும் நாட்களைப் பொறுத்தது அது. எந்த வாரம் பாசிக்குப் போகிறார்கள் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் கூடச் சரியாகச் சொல்லிவிடும். சாயல்குடிப் பக்கம் பனைத் தொழில் குடும்பங்களும், வாலிநோக்கத்தில் உப்பளத் தொழிலாளர்களும் இருப்பார்கள். பதநீர் இறங்கும் மாதங்களில் சில குடும்பங்கள் பனங்காட்டிலேயே தங்கிவிடும்.

காலாண்டுக்குப் பின் வரும் மாதங்கள் வாடைக் காலம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், அதனால் கூட்டத்துக்கு வசதி என்று நினைத்துவிடாதீர்கள். படகை இழுத்துக் கட்டவும் வலையைக் காப்பாற்றவும் அன்றைக்குத்தான் ஆள் போதாது. கூட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

2. அழைப்பு

அச்சடித்த சுற்றறிக்கை பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். பிள்ளையே தன் கையால் மூன்று வரி எழுதட்டும்: நாள், நேரம், ஆசிரியர் பெயர். "தாய், தந்தை இருவரும் தவறாமல் வர வேண்டும்" என்று எழுதச் சொல்லாதீர்கள். "வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்கிறவர் யாராவது ஒருவர்" என்றால் போதும். அப்பத்தா வரலாம், தாய்மாமன் வரலாம், கல்லூரியில் படிக்கும் அக்கா வரலாம். ஒலிச்செய்தியாக வாட்ஸ்அப்பில் ஒரு முறை, கோவில், தேவாலயம், ஜமாஅத் ஒலிபெருக்கியில் ஒரு முறை அறிவிப்பு வந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஒலிபெருக்கிக்குத் தலைமை ஆசிரியர் வழியாகக் கேளுங்கள்.

3. பிள்ளைக்கு ஒரு தாள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைத் தாள் எடுத்துக்கொண்டு நான்கு விஷயங்கள் எழுதுங்கள்.

முதலாவது, அந்தப் பிள்ளை செய்ததை நீங்களே கண்ணால் பார்த்த ஒரு நல்ல காரியம். "நல்ல பையன்", "அமைதியான பெண்" என்பதெல்லாம் செல்லாது. "போன செவ்வாய்க்கிழமை தமிழ்ப் பாடத்தில் பக்கத்துப் பெண்ணுக்கு வல்லின மெய் எங்கே மிகும் என்று சொல்லிக்கொடுத்தாள்" என்பது செல்லும். தாய்க்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிடும், இந்த டீச்சர் என் மகளைப் பார்த்திருக்கிறார் என்று. எழுத எதுவுமே தோன்றாத பிள்ளை வகுப்புக்கு நான்கைந்து பேராவது இருப்பார்கள். அடுத்த ஐந்து நாட்கள் அவர்களை மட்டும் கவனியுங்கள்.

இரண்டாவது, நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம். ஜூன் மாதம் எழுதியது ஒன்று, இப்போது எழுதியது ஒன்று. பக்கங்களில் சீட்டு வைத்துவிடுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் அந்த இரண்டு பக்கங்களும் பேசும்.

மூன்றாவது வருகை. மொத்த சதவீதத்தை விட்டுவிட்டு, எந்தக் கிழமைகளில் விடுப்பு என்று பாருங்கள். பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டால் சில பிள்ளைகளுக்கு ஒரு ஒழுங்கு தென்படும். ஒரு பையன் செவ்வாயும் வியாழனும் மட்டும் வராமலிருந்தால், படகு கரை சேரும் காலைகளில் வலையிலிருந்து மீன் கழிக்கவோ, நண்டு பிரிக்கவோ நிற்கிறானா என்று கேட்க இடம் இருக்கிறது. ஒரு பெண் மாதத்தில் ஒரே மாதிரியான நாட்களில் வராமலிருந்தால், அம்மா பாசிக்குப் போன நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாளா என்று கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன். முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள், காய்ச்சலாகவும் இருக்கலாம்.

நான்காவது, நீங்கள் கேட்கப்போகும் ஒரே ஒரு கேள்வி.

இவற்றோடு இன்னொரு வேலை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சத்துணவு அமைப்பாளரிடமோ மூத்த ஆசிரியரிடமோ ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். யார் வீட்டில் அண்மையில் சாவு, யாருடைய தகப்பன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார், யாருடைய தாயும் தகப்பனும் பிரிந்து வாழ்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்டதை நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள், தாளில் எழுத வேண்டாம். தாள்கள் காணாமல் போகும்.

4. அறையும் நேரப் பங்கீடும்

வந்தவர்களைப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். முழங்காலை மடக்கி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த மாத்திரத்தில் அவர் மறுபடி மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார், அடி வாங்கப் போகிறவர் போலவே பேசுவார். நல்ல நாற்காலிகள் மூன்று வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கமே, நோட்டைச் சேர்ந்து பார்க்கிற மாதிரி போடுங்கள். காத்திருப்பவர்களுக்கு வராந்தாவில் இடம், குடிக்க நல்ல தண்ணீர். இந்தக் கரையில் பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர் வாங்கி வைத்திருப்பதே ஒரு வரவேற்பு.

ஒரு குடும்பத்தோடு பேசுவது அடுத்தவர் காதில் விழக் கூடாது. மதிப்பெண்ணைக் கரும்பலகையில் எழுதுவதும், முதல் மூன்று இடம் பிடித்தவர்களைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவதும் பல பள்ளிகளில் இன்னும் நடக்கிறது. மற்ற முப்பது பேரின் பெற்றோரை அடுத்த கூட்டத்துக்கு வரவிடாமல் செய்ய அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

36 பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலே மூன்று மணி நேரம். ஒரே மாலையில் முடியாது. இரண்டு மாலைகளாகப் பிரியுங்கள். நீண்ட பேச்சு தேவைப்படும் ஐந்தாறு குடும்பங்களைக் கடைசியில் வரச் சொல்லுங்கள். தூரத்து ஊருக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்களை முதலில் அனுப்பிவிடுங்கள்.

5. பேச்சு

தொடக்க உரை வேண்டாம். முக்கியமாக, "இது கலாம் பிறந்த மண்" என்று தொடங்க வேண்டாம். இராமேசுவரத்துப் பெற்றோர் அதை ஒவ்வொரு விழாவிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வணக்கம் சொல்லி, உங்கள் பெயரையும், எந்த ஊர், என்ன பாடம் என்பதையும் சொல்லுங்கள். பிறகு தாளில் எழுதிய நல்ல காரியம். அதன் பிறகு நோட்டு. எட்டாம் வகுப்புப் பையனின் அப்பத்தா வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகலாம்:

"டீச்சர், இவன் ஒழுங்காகப் படிக்கிறானா?"

"இதைப் பாருங்கள் அம்மா. இது ஜூன் மாதம் எழுதியது. இது போன வாரம்."

அவர் வரிகளின் மேல் விரலை ஓட்டுவார். "முன்பு சாய்ந்து சாய்ந்து போகிறது. இப்போது நேராக இருக்கிறதே."

"ஆமாம், அவனாகவே திருத்திக்கொண்டான். கணக்கில் பெருக்கல், வகுத்தல் எல்லாம் போட்டுவிடுகிறான். பின்னம் வந்தால் நின்றுவிடுகிறான். வீட்டில் கணக்கு வழக்கு எதுவும் பார்ப்பானா?"

"அவன்தானே பார்ப்பான்! படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கும்போது அவன் அப்பனுக்கே இவன்தான் சொல்லிக்கொடுப்பான்."

பங்கு பிரிக்கத் தெரிந்தவனுக்குப் பின்னம் தெரியும். கரும்பலகையில் அது வேறு உருவத்தில் வருவதால் திகைக்கிறான். மறுநாள் பாடத்தைப் பங்குக் கணக்கிலிருந்து தொடங்கினால் அவன் மட்டுமா, பாதி வகுப்பு விழித்துக்கொள்ளும். ஒரு கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியில் ஒரே ஒரு வேலையை இருவருமாக ஒப்புக்கொள்ளுங்கள். "தினமும் இரண்டு மணி நேரம் படிக்க வையுங்கள்" என்பது ஓர் அறை வீட்டில், தொலைக்காட்சிக்கும் கைக்குழந்தைக்கும் நடுவே நடக்காது. "இரவு சாப்பிடுவதற்கு முன்பு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை" என்பது நடக்கும். உங்கள் பங்குக்கு நீங்கள் செய்யப்போவதையும் சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் மைப்பெட்டியைக் கேட்டு அறையெல்லாம் கேட்கச் சத்தம் போடாதீர்கள், மேசை இழுப்பறையில் முன்பே வைத்திருங்கள்.

ஆறாம் வகுப்புக்கு மேல் பிள்ளையும் உடன் இருப்பது நல்லது என்பது என் கருத்து. தன்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்ற எண்ணம் வராது. வீட்டுச் சிக்கல் பேச வேண்டி வந்தால் மட்டும் வெளியே அனுப்புங்கள்.

6. தடுமாற வைக்கும் பேச்சுகள்

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்." இதைக் கட்டாயம் கேட்பீர்கள். ஆசிரியர் மேல் வைத்த நம்பிக்கையை அவர் அப்படித்தான் சொல்லப் பழகியிருக்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆனால் சட்டத்தை ஒப்பித்தால் அவர் முகம் மாறிவிடும். "அடிக்க மாட்டேன் அண்ணே. ஆனால் விடவும் மாட்டேன். வீட்டுப்பாடம் முடிக்காமல் மாலையில் வெளியே அனுப்ப மாட்டேன், சரியா?" என்று சொல்லிப் பாருங்கள்.

"இவன் படித்து என்ன ஆகப் போகிறது, கடலுக்குத்தானே போகப் போகிறான்." இதைச் சொல்லும் தகப்பன் பாதி நேரம் நீங்கள் மறுக்க வேண்டும் என்று எதிர்பார்த்துச் சொல்கிறார். மறுக்கும்போது கடல் தொழிலை மட்டம் தட்டிவிடாதீர்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை போடும் ஆளிடம் "படிக்காவிட்டால் மீன் பிடிக்கத்தான் போவான்" என்று சொல்வதைப் போல ஒரு அவமதிப்பு இல்லை. கையில் தகவலோடு பேசுங்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், மாதம் 1,000 ரூபாய். கடலைப் படிக்கிற படிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது: தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம். 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் மண்டபத்தில் இன்றும் இயங்குகிறது. தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகும் தகப்பனிடம், உள்ளே வேலை பார்ப்பவர்களும் படித்துத்தான் அங்கே போனார்கள் என்று சொல்லலாம்.

தகப்பன் இலங்கைச் சிறையில் இருக்கும் வீட்டிலிருந்து வருபவரிடம் "அப்பா வரவில்லையா?" என்று கேட்காதீர்கள். எப்போது விடுதலை என்பதும் உங்கள் கேள்வி அல்ல, அதைத்தான் அவர்கள் தினமும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை பள்ளியில் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பையன் என்றால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப் படகேறும் எண்ணம் அவனுக்கு இருக்கும். அதை மட்டும் மெதுவாகக் கேளுங்கள். மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பெற்றோரிடம் "எப்போது ஊர் திரும்புவீர்கள்" என்ற பேச்சும் வேண்டாம். சான்றிதழ், உதவித்தொகை பற்றிக் கேட்டால் வாய்க்கு வந்த உறுதி கொடுக்காமல், விசாரித்து இந்த நாளுக்குள் சொல்கிறேன் என்று சொல்லி, அந்த நாளில் சொல்லிவிடுங்கள்.

பெண்ணின் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் முதல் பேச்சு தாயிடம், தனியாக. பதினெட்டு வயது நிறையாத திருமணம் குற்றம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். எதற்குப் பயந்து அவசரப்படுகிறார் என்பதைக் கேளுங்கள், பெரும்பாலும் கடனோ, ஊர்ப் பேச்சோ இருக்கும். ஆனால் நாள் குறித்துவிட்டார்கள் என்றாலோ, பிள்ளை அடிபடுகிறது என்று தெரிந்தாலோ அது உங்கள் தனிப்பட்ட முயற்சியோடு நிற்கிற காரியம் அல்ல. தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

குடித்துவிட்டு வந்திருக்கும் தகப்பனிடம் மரியாதையாக இரண்டு வார்த்தை, "இன்னொரு நாள் காலையில் பேசுவோம்". அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்.

7. கூட்டத்துக்குப் பிறகு

அன்றிரவே தாள்களை எடுத்து, ஒப்புக்கொண்டதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மறுநாள் முதல் பாடவேளைக்கு முன்பு ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டார் சொன்ன ஒரு நல்ல சொல்லைப் போகிற போக்கில் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒலிச்செய்தி ஒன்று: "வாசிக்கிறானா அம்மா? இங்கே முன்னேற்றம் தெரிகிறது."

பல பேர் ஒரே குறையைச் சொல்லியிருப்பார்கள். கழிப்பறைக் கதவு, குடிநீர், மாலை பஸ் நிற்காமல் போவது. அவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். குறை சொன்ன தாயையே அங்கே பேச வையுங்கள்.

வராதவர்களின் பட்டியல் மிச்சமிருக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் போகாதீர்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாலையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது போனால் பக்கத்தில் இடம் கொடுப்பார்கள், டீ வரும், மறுக்காமல் குடியுங்கள்.

அடுத்த சந்திப்பை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்டு முழுவதும் கையில் சிக்காத தகப்பன்மார் அப்போது கரையில் இருப்பார்கள். ஆனால் சில நாட்களிலேயே சிலர் கேரளப் படகுகளில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு மாலையைப் பிடித்துவிடுங்கள். ஆண்டுத் தேர்வு அட்டவணையோடு மோதினால், தேர்வு இல்லாத நாளின் மாலையைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.